பாரில் சிகரெட்டுக்குத் தடை நியாயமா? டக்ட் போடுகிறவனின் பதில்

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மைத்துனர் புதுச்சேரியில் 26 பேர் உட்காரும் அளவில் ஒரு சின்ன பார் திறக்கப் போகிறார். கட்டடம் அவருடையது. மது சட்டப்படி விற்கிற பொருள், சிகரெட்டும் அப்படித்தான். வருகிறவர்கள் எல்லாம் விவரம் தெரிந்த பெரியவர்கள். அப்படியிருக்க, உள்ளே தம் அடிக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்வது தனிமனித சுதந்திரத்திலும் தொழில் உரிமையிலும் கை வைப்பதுதானே, பிடிக்காதவர்கள் வேறு கடைக்குப் போகட்டுமே என்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், நல்ல ஏர் பியூரிஃபையர் இரண்டு மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. அது மட்டும் நடக்கும் என்றால் மீதிச் சண்டைக்கே வேலை இல்லை.

நான் 22 வருடமாக ஹோட்டல், பார், கல்யாண மண்டபம் என்று ஏசி, டக்ட் (காற்று போகிற குழாய்), எக்ஸாஸ்ட் வடிவமைத்துக் கொடுக்கிறவன். வக்கீல் இல்லை, டாக்டரும் இல்லை. அந்த இரண்டு பக்கத்திலும் நான் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது. காற்றைப் பற்றிச் சொல்வது மட்டும் கை வைத்துப் பார்த்தது. இன்னொன்று, நான் 11 வருடம் தினம் ஒரு பாக்கெட் ஊதியவன். புகைப்பவரைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆள் இல்லை.

நம் ஊர் பார்களில் சுவரில் தொங்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறையில் இருக்கிற காற்றை உறிஞ்சி, குளிரவைத்து, அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. பத்து பேர் ஊதினால் அந்தப் புகையும் குளுகுளுவென்று திரும்பி வரும், அவ்வளவுதான். பியூரிஃபையரில் இருக்கும் ஹெப்பா ஃபில்டர் துகளைப் பிடிக்கும். சிகரெட் புகையின் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே இருந்தாலும் நல்ல ஹெப்பா அதையும் விடாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு எல்லாம் வாயு. அவை ஃபில்டருக்குள் காற்றோடு காற்றாகப் போய்விடும். கரி ஃபில்டர் சில வாயுக்களைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கும், கார்பன் மோனாக்சைடை அதுவும் பிடிக்காது. இதைவிடப் பெரிய சிக்கல் தூரம். பியூரிஃபையர் சுவரோரம் இருக்கிறது, புகை மேசையிலிருந்து எழுகிறது. மெஷினுக்குப் போய்ச் சேருவதற்குள் அது பக்கத்து மேசைக்காரர் மூக்கையும், காலி கிளாஸ் எடுக்க வந்த பையன் மூக்கையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் போகும்.

சரி, வெளிக்காற்றை நிறைய விட்டால்? எங்கள் தொழிலின் அமெரிக்கச் சங்கம் ஆஷ்ரே. அது 1989-ல் வெளியிட்ட காற்றோட்டத் தரத்தில் பாருக்கு ஆளுக்கு 30 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 30 கன அடி வெளிக்காற்று, புகைக்கும் அறைக்கு 60 என்று இருந்தது. புதுச்சேரி மாதிரி கடலோர ஊரில் மே மாத மதியம் 20 பேருக்கு அந்த 60 கணக்கில் காற்றை இழுத்தால், அதைக் குளிரவைத்து ஈரத்தை வடிக்க மட்டுமே ஏறக்குறைய 7 டன் ஏசி வேண்டும். இது என் கைக்கணக்கு. அறைக்கான ஏசி தனி. கரண்ட் பில்லை உங்கள் மைத்துனரிடமே கேட்டுப் பாருங்கள். இவ்வளவு செலவு செய்தாலும் அந்த 60 என்பது நாற்றமும் கண் எரிச்சலும் தாங்கக்கூடிய அளவில் இருக்கப் போட்ட கணக்கு, நோய் வராமல் தடுக்கப் போட்டது கிடையாது. அதே ஆஷ்ரே 2005-ல் தன் நிலைப்பாட்டை உடைத்துச் சொல்லிவிட்டது: உள்ளே புகைப்பதால் வருகிற உடல்நல ஆபத்தை நீக்க ஒரே வழி உள்ளே புகைக்காமல் இருப்பது, காற்றோட்டமோ ஃபில்டரோ அதைச் செய்யாது. காற்றோட்டத்தில் பிழைப்பு நடத்துகிறவர்களின் சங்கமே தன் சரக்கு இதற்கு உதவாது என்று எழுதிக்கொடுத்திருக்கிறது. அடுத்த வருடம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரது அறிக்கையும் இதையே சொன்னது.

அப்படியானால் தனி அறை? 2003-ல் வந்த நம் புகையிலைச் சட்டம், கோட்பா என்பார்களே, அது 30 அறைகளுக்குக் குறையாத ஹோட்டலுக்கும் 30 இருக்கைகளுக்குக் குறையாத உணவகத்துக்கும் விமான நிலையத்துக்கும் அதற்கு இடம் கொடுக்கிறது. அந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்று 2008 விதிகள் சொல்கின்றன. நான்கு பக்கமும் கூரை வரை சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, வெளியில் இருப்பதைவிட உள்ளே குறைந்த காற்றழுத்தம், உறிஞ்சும் காற்று நேராகக் கட்டடத்துக்கு வெளியே. டிராயிங்கில் இது பிரமாதமாக வேலை செய்யும். நானே எட்டு, ஒன்பது அறைகள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒப்படைக்கிற நாளில் கதவிடுக்கில் ஊதுவத்தி ஏற்றிப் பிடித்துக் காட்டுவேன். புகை வளைந்து உள்பக்கம் இழுக்கும், முதலாளி மகிழ்ந்து செக்கில் கையெழுத்துப் போடுவார். ஆறு மாதம் கழித்து சர்வீசுக்குப் போனால் கதவுக்கு பீர் கிரேட் ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார்கள். இரண்டு கையிலும் டிரே வைத்திருக்கிற பையன் வேறு என்ன செய்வான்? ஒரு இடத்தில் சத்தமாக இருக்கிறது என்று எக்ஸாஸ்ட் ஃபேனையே நிறுத்தி வைத்திருந்தார்கள், மேலே ஃபால்ஸ் சீலிங் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. ஒழுங்காகப் பராமரிக்கிற இடத்தில்கூடக் கதவைத் திறக்கிற நொடியில் அழுத்த வித்தியாசம் போய்விடும், வெளியே வருகிற ஆள் தன் பின்னால் ஒரு கொத்துப் புகையை இழுத்துக்கொண்டுதான் வருவார். 2017-ல் விதியைத் திருத்தி, புகைக்கும் அறைக்குள் எதுவும் பரிமாறக் கூடாது என்றார்கள். காகிதப்படி இப்போது சப்ளையர் உள்ளே போக வேண்டியதில்லை. ஆஷ்ட்ரேயைக் கொட்டுவது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இனி உடல்நலம். அடுத்தவர் விடும் புகை நுரையீரல் புற்றுநோயைக் கூட்டும் என்பது தீர்ந்துபோன விஷயம். 1981-ல் ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகைக்காத 91,540 மனைவிகளை, கணவர் புகைக்கிறாரா என்பதோடு சேர்த்துப் பல வருடம் தொடர்ந்து பார்த்த கணக்கை வெளியிட்டதிலிருந்து இந்த வாதம் ஓடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுதியில் பிறர் புகையை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் வரிசையில் வைத்துவிட்டது. வீட்டில் இப்படிப் புகையோடு வாழ்கிறவருக்குக் கூடுகிற ஆபத்து 20 முதல் 30 சதவீதம் என்ற அளவில் இருக்கிறது. புகைக்கிறவர் தனக்கே இழுத்துக்கொள்ளும் ஆபத்தோடு பார்த்தால் இது சின்னதுதான்.

பார் ஊழியர்களைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் நேரடியானவை. கலிஃபோர்னியாவில் 1998 ஜனவரியில் பார்களுக்கும் தடை வந்தபோது, சான் ஃபிரான்சிஸ்கோவில் பாரில் ஊற்றிக் கொடுக்கிற 53 பேரை முன்னும் பின்னும் சோதித்தார்கள். இருமல், இளைப்பு என்று ஏதோ ஒரு தொந்தரவு இருந்த 39 பேரில் 23 பேருக்குத் தடைக்குப் பின் அது இல்லை. அயர்லாந்தில் 2004 மார்ச் 29-ல் தடை வந்த பிறகு பார் ஊழியர்களின் எச்சிலில் நிகோட்டினின் எச்சமான கோட்டினின் 80 சதவீதம் குறைந்தது. இதையெல்லாம் நான் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படுவது மாரடைப்புக் கணக்கை. அமெரிக்காவின் ஹெலினா என்ற சின்ன ஊரில் 2002-ல் ஆறு மாதம் தடை இருந்தபோது மாரடைப்பு அனுமதிகள் 40-லிருந்து 24 ஆகக் குறைந்தன என்று ஒரு ஆய்வு வந்து உலகமெல்லாம் தலைப்புச் செய்தியானது. பிறகு இங்கிலாந்து முழுவதற்கும் கணக்குப் பார்த்தபோது குறைந்தது 2.4 சதவீதம். அதுவும் ஒரு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர், லேசான விஷயமில்லை. ஆனால் தடை போட்டதும் மாரடைப்பு பாதியாகும் என்று யாராவது மேடையில் பேசினால் கொஞ்சம் தள்ளியே நின்று கேளுங்கள்.

இப்போது உங்கள் முக்கிய வாதத்துக்கு வருகிறேன். அதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். மாதம் இரண்டு முறை வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போகிற வாடிக்கையாளர், புகை இருக்கும் என்று தெரிந்தே வருகிறார். அவரைக் காப்பாற்ற ஒரு சட்டம் வேண்டும் என்று என்னால் மனசாட்சியோடு வாதாட முடியாது. ஆனால் பாரில் இன்னொருவர் இருக்கிறார். உளுந்தூர்பேட்டையிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பையன், காலை 11 மணிக்கு இறங்கி இரவு 11 வரை மேசைகளுக்கு நடுவே நடக்கிறவன், மாடியிலேயே படுத்துக்கொள்கிறவன். பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போ என்று வாடிக்கையாளரிடம் சொல்லலாம். இவன் வேலையை விட்டால் படுக்கிற இடமும் போகிறது.

அவன் சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தான் என்பீர்கள். கோவையில் ஒரு பட்டறை முதலாளி, 'பாதுகாப்பு மூடி இல்லாமல் வேலை பார்க்க எனக்குச் சம்மதம்' என்று ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிரஸ் மெஷினின் மூடியைக் கழற்ற முடியுமா? 1948 தொழிற்சாலைகள் சட்டம் வந்த காலத்திலிருந்தே முடியாது. பட்டறையும் அவர் கட்டடம்தான், மெஷினும் அவர் பணம்தான். அதை நாம் யாரும் தொழில் சுதந்திரத்தின் மேல் விழுந்த அடி என்று பேசுவதில்லை. அயர்லாந்தில் தடை வந்ததே வேலை செய்யும் இடத்தின் பாதுகாப்பு என்ற பெயரில்தான். நம் அரசியலமைப்பும் 19-வது பிரிவில் தொழில் உரிமையைக் கொடுக்கிற கையாலேயே, பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்றும் எழுதி வைத்திருக்கிறது. 2001-ல் முரளி தியோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரி, பள்ளி, நூலகம், நீதிமன்றம், ரயில் போன்ற இடங்களில் புகைக்கத் தடை போட்டபோது, புகைக்காதவர் தன் விருப்பமில்லாமல் மாட்டிக்கொள்கிறார், அது உயிர் வாழும் உரிமையைத் தொடுகிறது என்றுதான் பார்த்தது. அந்தப் பட்டியலில் பார் இல்லை. 2008 அக்டோபர் 2-ல், அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது அமலுக்கு வந்த விதிகள்தான் பப், பார் எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்தன.

முதலாளியே முடிவு செய்யட்டும், புகைக்கிற பார், புகைக்காத பார் என்று இரண்டும் இருக்கட்டும் என்ற யோசனை காதுக்கு நன்றாக இருக்கிறது. ஸ்பெயின் அதைச் செய்து பார்த்தது. 2006-ல் வந்த சட்டத்தில் 100 சதுர மீட்டருக்குக் குறைவான பார்கள் எந்தப் பக்கம் என்று தாங்களே தேர்ந்தெடுத்து வாசலில் எழுதி ஒட்டலாம் என்றார்கள். மிகப் பெரும்பாலானவை புகைக்கிற பக்கத்தையே எடுத்தன. ஒருவர் தடுத்தால் நாலு பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்களோ என்ற பயம் ஒவ்வொருவருக்கும். கடைசியில் 2011 ஜனவரி 2-லிருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடை. பெங்களூரில் ஒரு பார் முதலாளி என்னிடம் இதையே வேறு மாதிரி சொன்னார்: 'எல்லாருக்கும் போட்டா எனக்குச் சந்தோஷம் சார், எனக்கு மட்டும் போட்டா நான் செத்தேன்.'

தொழில் உரிமை என்று பேசும்போது நான் மிகவும் மதிக்கிற வாதம் அவர் சொன்னதுதான். அதை ஜெர்மனியில் நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். அங்கே மாநிலங்கள் தடை கொண்டுவந்தபோது, தனி அறை கட்ட முடிந்தவர்களுக்கு விலக்கு கொடுத்தன. தெருமுனையில் ஒரே அறையில் நடக்கிற சின்ன பார்களுக்கு இரண்டாவது அறைக்கு எங்கே போவது? அவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். 2008 ஜூலை 30-ல் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுவார்கள், முழுசாகப் படித்தவர்கள் குறைவு. விலக்கே இல்லாத முழுத் தடையைச் சட்டமன்றம் போடலாம், அதில் தவறில்லை என்றது நீதிமன்றம். ஆனால் விலக்கு கொடுப்பதென்று இறங்கிவிட்டால், அதில் சின்ன பாரை மட்டும் நசுக்கக் கூடாது. புதுச் சட்டம் வரும்வரை 75 சதுர மீட்டருக்குக் குறைவான, ஒரே அறை கொண்ட, சமைத்த உணவு தராத, 18 வயதுக்குக் கீழே யாரையும் விடாத பார்களில் புகைக்க அனுமதித்தது. பவேரியாவில் இன்னும் வேடிக்கை. முதலில் கடுமையான தடை, உடனே பார்களெல்லாம் 'புகைப்போர் சங்கம்' என்று போர்டு மாட்டி உறுப்பினர் அட்டை கொடுத்தன. அப்புறம் அரசு தடையைத் தளர்த்தியது. அதைப் பொறுக்காமல் மக்களே வாக்கெடுப்பு கொண்டுவந்தார்கள். 2010 ஜூலை 4-ல் 61 சதவீதம் பேர் முழுத் தடைக்கு ஓட்டுப் போட்டார்கள். பீர் திருவிழாவுக்குப் பேர்போன ஊர் அது.

நம் கோட்பாவின் 30 இருக்கைக் கணக்கிலும் இதே கோளாறுதான் இருக்கிறது. நட்சத்திர ஹோட்டலுக்குப் புகைக்கும் அறை உண்டு, உங்கள் மைத்துனருக்குக் கிடையாது. புகையிலும் வித்தியாசமில்லை, வேலை பார்க்கிற பையனின் நுரையீரலிலும் வித்தியாசமில்லை. அந்த அறையே வேலை செய்யாது என்பதால், அதைச் சின்னவர்களுக்கும் கொடு என்று நான் கேட்க மாட்டேன். பெரியவர்களிடமிருந்தும் எடுத்துவிடு என்பேன். 2020 இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட திருத்த வரைவில் அப்படியொரு யோசனை இருந்தது, சட்டமாகவில்லை.

வியாபாரம் படுக்குமா என்றால், உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி இது. பல நாடுகளின் வரி, விற்பனைக் கணக்குகளை வைத்து நடந்த ஒழுங்கான ஆய்வுகளில் பெரும்பாலானவை நீண்டகால நஷ்டம் எதையும் காணவில்லை. ஆனால் ஸ்காட்லாந்தில் 2006 தடைக்குப் பின் முதல் சில மாதங்களில் பப் விற்பனை 10 சதவீதமும் வருகிறவர்கள் 14 சதவீதமும் குறைந்ததாக ஒரு ஆய்வு உண்டு. இங்கிலாந்தில் பப்கள் வரிசையாக மூடப்பட்டதற்கு 2007 தடைதான் காரணம் என்று ஒரு கூட்டம் சொல்லும். அடுத்த வருடமே பொருளாதார மந்தமும், வருடா வருடம் ஏறுகிற பீர் வரியும், சூப்பர் மார்க்கெட்டின் மலிவு பீரும் சேர்ந்து வந்தன. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

என் வாதம் எங்கே வலுவிழக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது ஊழியரை வைத்து நிற்கிறது. ஊழியரே இல்லாத, புருஷன் பெண்டாட்டி மட்டும் நடத்துகிற கடையில் நான் என்ன சொல்வேன்? டோக்கியோ 2020-ல் இந்தக் கோட்டைத்தான் கிழித்தது. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிற உணவகம், பார் எந்த அளவாக இருந்தாலும் தடை, ஆளே இல்லை என்றால் முதலாளி விருப்பம். எனக்கு அது நேர்மையான கோடாகத் தெரிகிறது. அதேபோல் திறந்த கடற்கரையில், பூங்காவில் புகைப்பதைத் தடுக்கிற சட்டங்களுக்கு ஆதரவாக என் தொழில் அறிவு எதையும் தராது. அங்கே காற்று தன் வேலையைச் செய்துகொள்கிறது. பாரில் தடுத்தால் வீட்டில் குழந்தை முன்னால் ஊதுவார்களே என்ற கேள்விக்கும் ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. அமெரிக்கக் கணக்கு ஒன்று அப்படி நடக்கிறது என்றது, ஸ்காட்லாந்தில் குழந்தைகளின் எச்சிலைச் சோதித்தபோது புகை குறைந்தே இருந்தது.

இன்னொரு உண்மை, இது சட்டப் புத்தகத்தில் இருக்கிற அளவுக்குத் தரையில் இல்லை. தமிழ்நாட்டில் டாஸ்மாக்கை ஒட்டி நடக்கும் பார்களில் தகரக் கூரைக்குக் கீழே யார் யாரைத் தடுக்கிறார்கள்? கோட்பாவின்படி அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய், ஒரு குவார்ட்டர் விலைதான் வரும். ஆனால் முதலாளிக்குக் கணக்கு வேறு. ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் வைக்கக் கூடாது. யாராவது புகார் கொடுத்தும் அவர் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை அபராதம் அவர் தலையில். வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். உணவகம் என்பதில் கட்டடத்தைச் சுற்றியுள்ள திறந்தவெளியையும் 2008 விதிகள் சேர்த்திருக்கின்றன.

ஆகவே உங்கள் மைத்துனருக்கு நான் சொல்வது: 26 இருக்கைக்குப் புகைக்கும் அறை சட்டப்படியே கிடையாது, 4 நாற்காலி கூடப் போட்டு 30 ஆக்கி அந்த அறையைக் கட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். அந்தச் சதுர அடியில் இரண்டு மேசை போட்டால் வருமானமாவது மிஞ்சும். பியூரிஃபையருக்கு ஒதுக்கிய பணத்தை அடுப்படி எக்ஸாஸ்ட்டில் போடச் சொல்லுங்கள். சின்ன பார்களில் வாடிக்கையாளரை விரட்டுவது பெரும்பாலும் சில்லி சிக்கன் வறுக்கிற நெடிதான். அடுப்புக்கு மேலே புகையை வாங்கிக்கொள்ளும் ஹூட் அடுப்பைவிட எல்லாப் பக்கமும் அரை அடியாவது அகலமாக இருக்க வேண்டும், டக்ட் வளைவு இரண்டுக்கு மேல் போகக் கூடாது, வெளியே விடுகிற வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது. கிச்சன் எந்தத் திசையில் வருகிறது, கூரை உயரம் எவ்வளவு என்று எழுதுங்கள், ஃபேன் அளவு சொல்கிறேன்.